காப்பி முடிந்தது என்று காட்டினாலும் ஹார்டு டிஸ்க்கை உடனே பிடுங்காதீர்கள்

சிவகாசியில் வீட்டிலிருந்தபடியே டிசைன் வேலை பார்க்கிறவள் நான். மாதக் காலண்டர், டைரி அட்டை, கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி லேபிள் என்று எது வந்தாலும் செய்வேன். எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் டிசைனர்களுக்கும் அச்சுக்கான பிளேட் போடுகிறவர்களுக்கும் தூக்கம் குறைவுதான். அப்படி ஒரு சீசனின் நடுவில், கணினியிலிருந்து முறையாக வெளியேற்றாமல் வயரை இழுத்ததால் என்னுடைய 2 டிபி ஹார்டு டிஸ்க் கெட்டுப்போனது. பல வருட வேலை அதில் இருந்தது. ரெக்கவரி செலவு, திருப்பிக் கொடுத்த முன்பணம், புதிதாக வாங்கிய டிஸ்க்குகள் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய்க்கு மேல் போனது. அதைவிட வலித்தது, அந்த நாட்களில் எனக்குச் சரியாக வழி சொல்ல ஒருவரும் இல்லாததுதான். கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். அவற்றில் பாதியைச் செய்திருந்தால் மீதமிருந்ததும் போயிருக்கும். இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் டிஸ்க்கும் பென் டிரைவும் கை மாறிக்கொண்டே இருக்கும். முன்பு ஃபிலிம் எடுத்து அதிலிருந்து பிளேட் போட்டார்கள். இப்போது சிடிபி, அதாவது கம்ப்யூட்டர் டு பிளேட், வந்துவிட்டது. கணினியில் இருக்கும் ஃபைலை லேசர் நேராக அலுமினிய பிளேட்டில் எழுதிவிடும். நான்கு கலர் வேலை என்றால் நான்கு பிளேட். லேயரோடு இருக்கும் காலண்டர் ஃபைல்கள் ஒவ்வொன்றும் பெரியவை என்பதால், இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்காமல் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நேரில் போய்விடுவோம். நான் வேலை செய்து கொடுக்கும் ஓர் அச்சகத்தில் மேக் கணினி இருக்கிறது, என் வீட்டில் விண்டோஸ். இரண்டிலும் எழுதவும் படிக்கவும் வசதி என்று டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்து வைத்திருந்தேன். இந்த எக்ஸ்ஃபேட் விஷயம் பின்னால் வரும்.

அன்று சாயங்காலம் பிளேட் சென்டரில் நல்ல கூட்டம். ஆபரேட்டர் தம்பி என் டிஸ்க்கை மாட்டி, காலண்டர் ஃபைலை அதிலிருந்தே ஃபோட்டோஷாப்பில் திறந்தான். கடைசி நேரத்தில் ஒரு மொபைல் எண்ணை மாற்ற வேண்டியிருந்தது. அங்கேயே மாற்றி, டிஸ்க்கிலேயே சேவ் செய்தோம். அவர்கள் பிளேட்டுக்காகத் தயார் செய்த பிடிஎஃப்களிலும் எனக்கு ஒரு பிரதி காப்பி போட்டான். பச்சைக் கோடு நிறைந்து ஜன்னல் மறைந்தது. டிஸ்க்கை வெளியேற்றும் ஐகானை அழுத்தினான். இந்தச் சாதனம் பயன்பாட்டில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் புரோகிராம்களை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள் என்று ஒரு பெட்டி வந்தது. ஓகே கொடுத்து மறுபடி அழுத்தினான். அதே பெட்டி. அடுத்தவர் பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நிற்கிறார். “அக்கா, அதான் காப்பி ஆயிருச்சுல்ல, இது எப்பவும் இப்படித்தான் சொல்லும்” என்று சொல்லிக்கொண்டே வயரை இழுத்து டிஸ்க்கை என் கையில் கொடுத்தான். உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம். தட்டு சுழன்று அடங்குகிற அதிர்வு விரலில் தெரிந்தது. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊர் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். நாள் முழுக்க எத்தனையோ பென் டிரைவ்களை அப்படி இழுத்தும் ஒன்றும் ஆகாததால்தான் அவனுக்கு அந்தத் தைரியம்.

ஒன்றும் ஆகாமல் இருப்பதற்கும் என் டிஸ்க்குக்கு ஆனதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பின்னால் தெரிந்துகொண்டேன். நாம் காப்பி செய்யும்போது கணினி எல்லாவற்றையும் அந்தந்த நொடியிலேயே டிஸ்க்கில் எழுதிவிடுவதில்லை. வேகத்துக்காக முதலில் தன் ராமில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு எழுதும். கடையில் துண்டுச் சீட்டில் குறித்து வைத்து, ஓய்வு கிடைத்தபோது பேரேட்டில் ஏற்றுவது போல. இதற்கு ரைட் கேஷ் என்று பெயர். ஜன்னல் மறைந்த பிறகும் கொஞ்சம் எழுத வேண்டியது பாக்கி இருக்கலாம். வெளியேற்றும் பொத்தானை அழுத்தும்போதுதான் அந்தப் பாக்கி முழுவதையும் எழுதி முடித்து, கணக்கை மூடிவிட்டு, இனி எடுக்கலாம் என்று சொல்கிறது. விண்டோஸ் 10-இல் 2018-இல் வந்த 1809 பதிப்பிலிருந்து வெளி டிஸ்க்குகளுக்கு ‘க்விக் ரிமூவல்’ என்ற அமைப்பு தானாகவே இருக்கும். அதில் இப்படிச் சேர்த்து வைப்பது இல்லை. அதற்கு முந்தைய விண்டோஸ்களில் ‘பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்’ என்பதுதான் வழக்கமான அமைப்பு. அதில் முறையாக வெளியேற்றாமல் எடுக்கவே கூடாது. பிளேட் சென்டரில் இருந்தது விண்டோஸ் 7. அவர்களுடைய இயந்திரத்துக்கான சாஃப்ட்வேர் அதில்தான் ஓடுகிறது என்பதால் மாற்றாமலே வைத்திருந்தார்கள். பழைய இயந்திரம் இருக்கும் அச்சகம், ஸ்டூடியோ, லேப் எல்லாவற்றிலும் இதே நிலைமை இருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் வீட்டுக் கணினியில் பழகியதை வைத்து அடுத்தவர் கணினியில் வயரை இழுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்கள் கணினியில் எந்த அமைப்பு இருக்கிறது என்று பார்ப்பது சுலபம். டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்ஸ் என்பதைத் திறந்து, உங்கள் டிஸ்க்கின் பெயரில் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போனால் பாலிசீஸ் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் இரண்டில் எது தேர்வாகியிருக்கிறது என்று தெரியும். க்விக் ரிமூவல் இருந்தாலும் முழு நிம்மதி கிடையாது. ஒரு புரோகிராம் ஃபைலைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கும்போது இழுத்தால் எந்த அமைப்பும் காப்பாற்றாது. நான் இப்போது எந்தக் கணினியாக இருந்தாலும் வெளியேற்றிவிட்டுத்தான் எடுக்கிறேன்.

அப்புறம் எக்ஸ்ஃபேட். எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது, எந்த இடம் காலி என்ற கணக்கை ஒவ்வொரு டிஸ்க்கும் ஓர் இடத்தில் வைத்திருக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில், அந்தக் கணக்கில் செய்யப் போகும் மாற்றத்தை முன்கூட்டியே ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். பாதியில் மின்சாரம் போனாலும் அந்தக் குறிப்பை வைத்துக் கணக்கைச் சரி செய்துகொள்ளும். ஃபைலின் உள்ளடக்கத்துக்கு அது உத்தரவாதம் தராது, ஆனால் போல்டரே காணாமல் போவது குறையும். எக்ஸ்ஃபேட்டில் அந்தப் பதிவேடு கிடையாது. பாதியில் இழுத்தால் கணக்கு பாதியிலேயே நின்றுவிடும். விண்டோஸ் மட்டுமே பயன்படுத்துகிறவர்களுக்கு என் யோசனை, பெரிய டிஸ்க்கை என்டிஎஃப்எஸ்ஸில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். மேக்குக்குக் கொண்டுபோக வேண்டியதற்குத் தனியாக ஒரு எக்ஸ்ஃபேட் பென் டிரைவ் போதும்.

வீட்டுக்கு வந்து ராத்திரி டிஸ்க்கை மாட்டினேன். டிஸ்க் வந்தது. ‘காலண்டர்’ என்ற போல்டரைத் திறந்தால், ஃபைலோ போல்டரோ சிதைந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்று செய்தி. வேறு சில போல்டர்கள் திறந்தன, சிலவற்றின் பெயர்கள் புரியாத எழுத்துகளாக இருந்தன. டிஸ்க்கில் ஏதோ கோளாறு, ஸ்கேன் செய்து சரி செய்யவா என்று விண்டோஸ் கேட்டது. எனக்குக் கை நடுங்கியது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். யாரை எழுப்பி என்ன சொல்வது? அந்தப் போல்டரில் அந்த சீசனின் டிசைன் மட்டும் இல்லை, நான் தொழில் தொடங்கியதிலிருந்து சேர்த்த சாமி படங்கள், ஸ்கேன் செய்து சுத்தம் செய்த பழைய ஓவியங்கள், ஒவ்வொரு கடைக்காரருடைய லோகோ எல்லாம் இருந்தன. தெரிந்த ஒருவருக்கு போன் செய்தேன். “ஃபார்மேட் குடுத்துட்டு ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டா எல்லாம் வந்துரும்” என்றார். இன்னொருவர், டிஸ்க்கைச் சரிபார்க்க விண்டோஸிலேயே இருக்கும் செக் டிஸ்க் என்ற புரோகிராமை ஓட்டச் சொன்னார். பயத்தில் இரண்டையும் செய்யாமல் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்தேன். அழுதுகொண்டே உட்கார்ந்திருந்த அந்த ராத்திரியில் நான் ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான் சரி என்று பிறகுதான் தெரிந்தது.

இதை முதல் பாடமாகவே சொல்கிறேன். டிஸ்க் சிதைந்திருக்கிறது என்று செய்தி வந்தால் உடனே நிறுத்துங்கள். ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் கேன்சல். ஸ்கேன் செய்து சரி செய்யவா என்று கேட்டாலும் கேன்சல். அதில் ஒரு ஃபைல்கூடப் புதிதாக எழுதாதீர்கள், ரெக்கவரி சாஃப்ட்வேரை அதிலேயே நிறுவாதீர்கள், மீட்ட ஃபைல்களை அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள். பெரும்பாலும் டிஸ்க்கில் இருந்த தகவல் இன்னும் அங்கேயேதான் இருக்கும், அதைக் காட்டுகிற கணக்கு மட்டும்தான் கலைந்திருக்கும். புதிதாக எழுதப்படுகிற ஒவ்வொன்றும் அந்தத் தகவலின் மேல் விழலாம்.

மறுநாள் ஊரில் கணினி பழுது பார்க்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். ஃபைல்கள் முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். “அதெல்லாம் எடுத்துரலாம்” என்றார்கள். அவர்கள் செய்தது, டிஸ்க்கில் நேரடியாக செக் டிஸ்க்கை ஓட்டியதுதான். 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, டிஸ்க் சரியாகிவிட்டது என்று கொடுத்தார்கள். டிஸ்க் சரியாகத்தான் இருந்தது, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ‘காலண்டர்’ போல்டரும் இல்லை. அதற்குப் பதிலாக ஃபவுண்ட் என்ற பெயரோடு ஒரு போல்டர், அதற்குள் சிஎச்கே என்று முடியும் பெயரில்லாத ஃபைல்கள் வரிசையாக. செக் டிஸ்க்கின் வேலை டிஸ்க்கின் கணக்கை நேர் செய்வது. யாருக்குச் சொந்தம் என்று தெரியாத துண்டுகளை இப்படிப் பெயரில்லாமல் ஒதுக்கிப் போட்டுவிடும். உங்கள் ஃபைல்களை மீட்பது அதன் வேலை கிடையாது. அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பிரதியில் எதை வேண்டுமானாலும் செய்து பார்த்திருக்கலாமே.

ஆகவே பழுது பார்க்கும் கடையில் டிஸ்க்கைக் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். “முதலில் டிஸ்க் முழுவதையும் இமேஜ் எடுத்துவிட்டு, அந்த இமேஜில்தான் வேலை பார்ப்பீர்களா?” இமேஜ் என்றால் ஃபைல்களைக் காப்பி செய்வது இல்லை, டிஸ்க்கின் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை உள்ளதை உள்ளபடி பிரதி எடுப்பது. ஆமாம் என்று சொல்பவர்களிடம் கொடுக்கலாம். கேள்வி புரியாமல் முழித்தால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சிஎச்கே ஃபைல்களில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம் என்று நானே உட்கார்ந்தேன். அவற்றை வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்துகொண்டு, நோட்பேடில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். குப்பை மாதிரி எழுத்துகள்தான் வரும், ஆனால் ஆரம்பத்தைப் பார்த்தால் போதும். 8பிபிஎஸ் என்று ஆரம்பித்தால் அது ஃபோட்டோஷாப் ஃபைல். முதலிலேயே பிடிஎஃப் என்ற மூன்று எழுத்தும் ஒரு சதவீதக் குறியும் இருந்தால் அது பிடிஎஃப். ஃபைல் பெயரின் கடைசியில் சிஎச்கே இருந்த இடத்தில் பிஎஸ்டி என்று மாற்றித் திறந்தபோது, ஒரு முருகன் படம் லேயர்களோடு முழுதாக வந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எதோடும் ஒப்பிட முடியாது. எல்லாம் அப்படி வரவில்லை. டிஸ்க்கில் தொடர்ச்சியாக ஒரே இடத்தில் எழுதப்பட்டிருந்த ஃபைல்கள் முழுதாக வந்தன. துண்டு துண்டாகப் பல இடத்தில் இருந்தவை பாதிப் படமாகவோ திறக்காமலோ போயின. அடிக்கடி திருத்தி சேவ் செய்த ஃபைல்களுக்குத்தான் இந்த நிலைமை அதிகம் வந்தது. எனக்கு உடனே தேவைப்பட்டவையும் அவைதான்.

மீதிக்காக மதுரையில் டேட்டா ரெக்கவரி மட்டுமே செய்யும் ஓர் இடத்துக்குப் போனேன். அவர்கள் முதலில் இமேஜ் எடுத்தார்கள். செக் டிஸ்க் ஓடியிருக்கிறது என்றதும் அங்கிருந்த அண்ணன் முகம் சுருங்கியது. “இதுக்கு முன்னாடி வந்திருந்தா போல்டர் பேரோட நெறைய எடுத்திருக்கலாம்மா” என்றார். 14,500 ரூபாய் ஆனது. லோகோக்களும் ஸ்கேன்களும் பெரும்பாலும் கிடைத்தன, பெயர்கள் இல்லாமல், எண் போட்டு. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துப் பெயர் வைப்பதிலேயே பொங்கல் வரை போனது. அந்த சீசனின் பெரிய ஆர்டர் ஒன்றை என்னால் நேரத்துக்குக் கொடுக்க முடியவில்லை. முன்பணம் 15,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அண்ணாச்சி, “பரவாயில்லம்மா, அடுத்த வருசம் பாப்போம்” என்றார். அடுத்த வருடம் அவர் வரவில்லை.

டிஸ்க்கில் கோளாறு இல்லாமல் கணக்கு மட்டும் கலைந்திருந்தால், டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்று இரண்டு இலவச சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. முதலாவது பார்ட்டிஷனையும் போல்டர்களையும் மீட்க முயலும். இரண்டாவது நான் நோட்பேடில் செய்ததையே தானாகச் செய்யும், அதாவது ஃபைலின் ஆரம்ப எழுத்துகளை வைத்து டிஸ்க் முழுக்கத் தேடி எடுக்கும். பெயரும் போல்டரும் வராது. இவற்றையும் இமேஜின் மேல்தான் ஓட்ட வேண்டும். டிஸ்க்கிலிருந்து திரும்பத் திரும்ப டிக் டிக் என்று சத்தம் வந்தால் இதெல்லாம் எதுவும் வேண்டாம், மறுபடி மாட்டிப் பார்க்கவே கூடாது. தட்டில் எழுதிப் படிக்கும் முனையான ஹெட் பழுதானதற்குப் பெரும்பாலும் அது அடையாளம், ஓட ஓட தட்டில் கீறல் விழலாம்.

இனி, பயன்பாட்டில் இருக்கிறது என்று பெட்டி வந்தால் என்ன செய்வது என்று சொல்கிறேன். என் கதை முழுக்க அந்தப் பெட்டியில்தான் தொடங்கியது, அதைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. அந்தப் பெட்டி சும்மா வருவதில்லை. ஏதோ ஒரு புரோகிராம் அந்த டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஃபைலை மூடினால் மட்டும் போதாது, புரோகிராமையே மூட வேண்டும். விண்டோஸில் ஃபைல் திறக்கும் பெட்டி வழியாக டிஸ்க்கிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்தால், அந்தப் போல்டரையே அந்தப் புரோகிராம் தன் நடப்பு இடமாக எடுத்துக்கொள்ளலாம். ஃபைலை மூடிய பிறகும் அந்தப் பிடி விடாது. மூட முடியாத நிலைமை என்றால், அதே புரோகிராமில் சி டிரைவிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள், பல நேரம் பிடி அங்கே நகர்ந்துவிடும். ஃபோட்டோஷாப்பில் இன்னொன்று உண்டு. பிரிஃபரன்ஸஸில், வேலை நடக்கும்போது தற்காலிகமாக எழுதிக்கொள்ளும் ஸ்கிராட்ச் டிஸ்க் என்ற இடத்தில் உங்கள் வெளி டிஸ்க்குக்கு டிக் இருந்தால், ஃபோட்டோஷாப் ஓடும்வரை அதை விடாது. அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். எங்கள் தொழிலில் ஃபாண்ட்களை டிஸ்க்கிலிருந்தே திறந்து பார்ப்போம், அந்த ஃபாண்ட் ஜன்னலும் பிடித்துக்கொள்ளும். டிஸ்க்கின் போல்டர் திறந்திருக்கும் எக்ஸ்புளோரர் ஜன்னல், ஸ்கேன் செய்துகொண்டிருக்கும் ஆன்டிவைரஸ் இவையும் காரணமாகலாம்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லையா? விண்டோஸே எழுதி வைத்திருக்கும். ஸ்டார்ட்டில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம் போங்கள். மேலே புதிதாக, கெர்னல் பிஎன்பி என்ற பெயரில் 225 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருக்கும். அதைத் தொட்டால் எந்த புரோகிராம் வெளியேற்றத்தைத் தடுத்தது என்று அதன் பெயரோடு காட்டும். இதை யாராவது அந்தத் தம்பிக்கு முன்பே காட்டியிருந்தால் என் டிஸ்க் பிழைத்திருக்கும். அதில் சிஸ்டம் என்று மட்டும் வந்தால், நம்மால் மூட முடியாத ஏதோ பின்னணி வேலை என்று எடுத்துக்கொண்டு கணினியை ஷட் டவுன் செய்துவிட்டு டிஸ்க்கை எடுக்கலாம். இங்கேயும் ஒரு கவனம். இப்போதைய விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இருப்பதால் சாதாரண ஷட் டவுன் முழு ஷட் டவுனாக இருக்காது. ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். திரை அணைந்து, கணினியின் விளக்கும் டிஸ்க்கின் விளக்கும் அணைந்த பிறகு கழற்றுங்கள். லேப்டாப்பை மூடித் தூங்க வைத்துவிட்டு டிஸ்க்கை எடுப்பது ஷட் டவுன் ஆகாது, அதைச் செய்யாதீர்கள்.

மேக்கில் டெஸ்க்டாப்பில் இருக்கும் டிஸ்க்கின் படத்தில் வலது கிளிக் செய்து இஜெக்ட் கொடுத்து, படம் மறைந்த பிறகுதான் எடுக்க வேண்டும். உபுண்டு மாதிரி லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் பென் டிரைவில் பெரிய ஃபைலைக் காப்பி செய்தால், கோடு சீக்கிரம் நிறைந்துவிடும், எழுதுவது பின்னால் நடந்துகொண்டே இருக்கும். வெளியேற்றும் பொத்தானை அழுத்திய பிறகு, எழுதிக்கொண்டிருக்கிறேன், எடுக்காதே என்று செய்தி காட்டும். அது மாறும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். போனில் ஓடிஜி வழியாகப் பென் டிரைவ் மாட்டினால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தில் வெளியேற்றும் குறி இருக்கும். மவுஸ், கீபோர்டு, பிரிண்டர் இவற்றுக்கு இதெல்லாம் தேவையில்லை. சும்மா கழற்றலாம். சாஃப்ட்வேர் லைசன்ஸுக்காக மாட்டும் டாங்கிளை மட்டும் அந்த சாஃப்ட்வேரை மூடிவிட்டு எடுங்கள்.

சுழலும் தட்டு உள்ள ஹார்டு டிஸ்க் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். எடுக்கலாம் என்று செய்தி வந்த பிறகும் சில நொடி விட்டு, அதிர்வு அடங்கியதும் கையில் எடுங்கள். முறையாக வெளியேற்றும்போது ஹெட் நிதானமாகத் தன் இடத்துக்குப் போய் நிற்கும். மின்சாரத்தைப் பறித்தால், சுழலும் தட்டின் மிச்ச வேகத்தில் கிடைக்கும் மின்சாரத்தை வைத்து அவசர அவசரமாக ஒதுங்கும். நான் கேட்ட ‘டக்’ அதுதான். இது எத்தனை முறை நடந்தது என்று டிஸ்க்கே எண்ணி வைத்திருக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் பவர் ஆஃப் ரிட்ராக்ட் கவுண்ட் என்ற வரியில் பார்க்கலாம். சில மாதிரிகளில் அந்த வரி இருக்காது.

நான் இப்போது வேலை செய்கிற விதமே மாறிவிட்டது. மூல டிஸ்க் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. பிளேட்டுக்குப் போவது பிடிஎஃப் மட்டும் உள்ள ஒரு பென் டிரைவ். அது கெட்டால் வீட்டுக்கு வந்து மறுபடி போட்டுக்கொண்டு போவேன். திருத்தம் இருந்தாலும் அடுத்தவர் கணினியில் என் மூல ஃபைலைத் திறந்து சேவ் செய்வதில்லை, வீட்டுக்கு வந்து திருத்துகிறேன். இதனால் சீசனில் அலைச்சல் கூடுகிறது, உண்மைதான். வேலை முடிந்த ஒவ்வொரு வாரமும் இரண்டாவது டிஸ்க்கில் ஒரு பிரதி, அந்த டிஸ்க் என் அம்மா வீட்டில் இருக்கும். இரண்டு டிஸ்க்கையும் ஒரே கணினியில் ஒரே நேரத்தில் மாட்டி வைப்பது காப்பி நடக்கும்போது மட்டும்தான், முடிந்ததும் இரண்டையும் வெளியேற்றிவிடுவேன். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் வாங்கினேன், காப்பி நடக்கும்போது கரண்ட் போவதும் வயரை இழுப்பதும் டிஸ்க்குக்கு ஒன்றுதான்.

பிளேட் சென்டர் தம்பியிடம் ஈவென்ட் வியூவரைக் காட்டிக் கொடுத்தேன். கூட்டம் இல்லாத நேரத்தில் பார்க்கிறான், கூட்டம் வந்தால் பழைய பழக்கம்தான். அதனால் நான் போனால் என் பென் டிரைவை நானே வெளியேற்றிக்கொள்கிறேன் என்று மவுஸை வாங்கிக்கொள்வேன். நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஒன்று விட்டுப்போனது. நீங்கள் இழுக்காமலே டிஸ்க் அடிக்கடி தானாக விடுபட்டு மறுபடி வந்தால், அதுவும் இதே சேதத்தைச் செய்யும். பெரும்பாலும் வயரில்தான் கோளாறு இருக்கும். வெளி ஹார்டு டிஸ்க்குகளில் வரும் அகலமான தட்டை முனை நாளாவட்டத்தில் தளர்ந்துவிடும், லேசாகத் தொட்டாலே விடுபடும். அதே நீளத்தில் இல்லாமல் இன்னும் குட்டையான நல்ல வயராக மாற்றுங்கள். டெஸ்க்டாப்பில் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் நேராக மதர்போர்டில் மாட்டிப் பாருங்கள். தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் ஹார்டு டிஸ்க்கை மாட்டாதீர்கள், மின்சாரம் பற்றாமல் விடுபடும். வயரையும் போர்ட்டையும் மாற்றிய பிறகும் விடுபட்டால், அதில் இருப்பதை அன்றைக்கே வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.